முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம்

1

இந்தக் கதை ஒரே வாக்கியத்திலிருந்து வந்தது. பல்கேரியாவில், ஹாஸ்கோவோ ஊரில் நாங்கள் சட்டை தைக்கும் கூடத்தில், என் பக்கத்து மிஷின்காரி ரலீட்சா முதலாளியிடம் சொன்னாள்: "எனக்கு முழுச் சம்பளத்துக்கும் பிடிச்சுக்கோங்க."

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'சமூகக் காப்பீடு என்பது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து…' (அடித்துவிட்டேன். எனக்கே தூக்கம் வந்தது.)

2

எங்கள் சம்பளத்தில் பாதிதான் கணக்கில் வரும். அதற்கு மட்டும் காப்பீட்டுப் பணம் பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்டுவார். மீதி கவரில் வரும், பிடித்தம் கிடையாது.

முதலாளி வெலிச்கோவை முதல் வரைவில் கொடுமைக்காரராக எழுதினேன். அவர் அப்படியில்லை. கொஞ்சம் கஞ்சன், அவ்வளவுதான்.

"கைக்கு வர்றது குறையும்மா. பென்ஷனுக்கு இப்பவே என்ன அவசரம்?"

"பென்ஷனுக்கு இல்லண்ணே."

அவருக்குப் புரிந்தது. பிரசவ விடுப்பில் அரசாங்கம் தரும் பணம், கணக்கில் வந்த சம்பளத்தைப் பொறுத்தது.

"எத்தனாவது மாசம்?"

"இன்னும் இல்ல."

(இங்கே மிஷின்கள் எல்லாம் நின்றதாக எழுதியிருந்தேன். பொய். ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.)

"கூடுற என் பங்கையும் நீயே ஏத்துக்கிட்டா சரி," என்றார் வெலிச்கோ. அவள் ஏற்றுக்கொண்டாள்.

3

அவள் கணவன் ஸ்டாமென் லாரி ஓட்டுகிறவன். மாலையில் அவளை அழைத்துப்போக வருவான். ஒருநாள் வாசலில் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "இல்லாத பிள்ளைக்கு நாங்க வாடகை கட்டிட்டிருக்கோம்."

"வர்றப்ப இடம் இருக்கணுமில்ல," என்றாள் ரலீட்சா. அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான்.

மூன்றாவது குளிர்காலத்தில் வெலிச்கோவே அவளிடம் வந்தார். "போதும்மா. பழையபடி கவர்ல வாங்கிக்க. என்னால பாக்க முடியல."

"இந்த மாசமும் பிடிச்சுக்கோங்கண்ணே."

அந்த மாதத்திலிருந்து தன் பங்கில் கூடியதையும் அவரே கட்டுகிறார். இதை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

4

முடிவு ஒன்று: பெண் குழந்தை. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இரண்டு: ஒருநாள் அவள் முதலாளியிடம் போய், இனிமேல் வேண்டாம் என்று

(முடியவில்லை.)

நேற்று சாப்பாட்டு நேரத்தில் ரலீட்சாவே கேட்டாள். "என்னப் பத்தி எழுதுறியாமே?"

"ஆமா."

"பொறந்துச்சுன்னு எழுதிடாத. அங்க பொறந்துட்டா இங்க வராமப் போயிடுமோன்னு இருக்கு."

"சரி."

"பொறக்கலேன்னும் எழுதாத."

எழுதவில்லை. படித்துக்கொண்டு வரும்போதே நீங்கள் ஒரு முடிவை நினைத்திருப்பீர்கள். அது எதுவானாலும், தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.