கோட்டைப் படியில் கழற்றிய செருப்பு

ஜோதிமணி மாலை ஐந்து மணிக்குள் செண்பகனூர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை. இன்றைக்குச் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். கணவன் சண்முகராஜுக்கு அவள் வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. ஆனாலும் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அந்தப் பெரிய மனசுதான் அவளுக்கு உறுத்தியது.

மலைப்பாதை தொடங்குமுன்பே காரை ஓரங்கட்டினான்.

"பழைய கோட்டை. பத்தே நிமிசத்துல பாத்துட்டு வந்துருவோம்."

இருவரும் பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பாறையில் வெட்டிய படியைப் பார்த்ததும் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றிவிட்டன. அவன் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டான். மேலே இருப்பது முருகன் இல்லை, ராசா காலத்துத் தானியக் கிடங்கு என்பது இருவருக்கும் உறைக்கவே இல்லை.

பதினோரு மணிக்குப் பாறை இதமாகத்தான் இருந்தது. மதில், காவல் மேடை, சுனை என்று ஒன்றுவிடாமல் சுற்றிக் காட்டினான். அவள் நச்சரித்துக் கிளப்பியபோது மணி ஒன்று. கிடங்கின் நிழலைத் தாண்டிக் கால் வைத்தாள். தோசைக்கல்! துள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

சண்முகராஜ் சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். "வெயில் தாழட்டும் புள்ள. அஞ்சு மணிக்கு மேல எறங்கலாம்."

"அஞ்சு மணிக்கு நான் அங்க இருக்கணுங்க!"

"பாறை சுட்டா நான் என்ன செய்ய? எல்லாம் நல்லதுக்குத்தான்."

ஜோதிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பக்கம் கல்சுவர், நாலாவது பக்கம் நெருப்பு, நடுவே இந்த மனுசன். இப்போது இந்த நிழலில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் உட்கார வேண்டியதுதான். அழுகை முட்டியது. அழ நேரமில்லை.

துப்பட்டாவை இரண்டாகக் கிழித்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் நனைத்துக் கால்களில் சுற்றிக் கட்டினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

"ஏ, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அவன் கத்தியது வெகுதூரம் கேட்டது. பாதி வழியில் துணி காய்ந்துவிட்டது. மீதியை ஓடியே கடந்தாள்.

கீழே வந்து துணியை அவிழ்த்துச் செருப்புக்குள் காலை நுழைத்தாள். உள்ளங்காலெல்லாம் கொப்புளம். ரோட்டில் செண்பகனூர் வழியாகப் போகும் கொடைக்கானல் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தும்போது போன் அடித்தது.

"சரி சரி, நானே வெரசா கொண்டுபோய் விடுறேன். என் செருப்ப மட்டும் யார்கிட்டயாவது மேல குடுத்துவிடு."

படியோரம் அவன் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. ஜோதிமணி அதை ஒருதரம் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"வெயில் தாழட்டுங்க," என்றாள்.