மேசைக்கு வாங்கிய சாமந்தி

டார்லீன் அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து இத்தாலிக்கு வந்து இறங்கிய நாள் முதல், மகள் லிண்ட்சி அவளைத் திருத்திக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் காப்பி கேட்கக் கூடாது. கடைக்காரர் எடுத்துத் தருவதற்கு முன் பழத்தைத் தொடக் கூடாது. தெருவில் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி வாசலில் டார்லீன் பொறுமை இழந்தாள்.

"இன்னிக்கு ஒரு வார்த்தை என்னைத் திருத்தினே, அப்படியே ரூமுக்குத் திரும்பிடுவேன். உன் வருங்கால மாமியாரை நீயே பாத்துக்கோ."

"நான் வாயைத் திறக்கிறதையே விட்டாச்சு. ரொம்ப நிம்மதியா இருக்கு" என்றார் அப்பா டேல்.

லிண்ட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைய விருந்து சரியாக நடந்தால்தான் வசந்தத்தில் தாவிதேயோடு கல்யாணம். தாவிதேயின் அம்மா இவானாவுக்கு மனதில் ஒரு முள் இருந்தது. ஏப்ரலில் அவள் கணவர் சேர்ஜோ இறந்தபோது, சம்பந்தி ஆகப்போகிறவர்கள் வரவில்லை, ஒரு போன்கூடச் செய்யவில்லை. "அவங்க வந்து என் முகத்தைப் பாக்கட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்" என்று முடித்துவிட்டாள்.

ஃபயென்ஸா ஊரின் சதுக்கத்தில் பெற்றோரை நிற்க வைத்துவிட்டு, லிண்ட்சி பலகாரக் கடை வரிசையில் நின்று கேக் வாங்கி வந்தாள். பிறகு மூவரும் காரில் ஊருக்கு வெளியே இவானாவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் இவானா கறுப்பு உடையில் நின்றாள், பின்னால் தாவிதே. டேல் காரின் பின்கதவைத் திறந்தார். டார்லீன் குனிந்து, லிண்ட்சி கேக் வரிசையில் நின்றபோது வாங்கி ஒளித்துவைத்த, காகிதம் சுற்றிய பெரிய பூங்கொத்து ஒன்றைப் பெருமையோடு எடுத்தாள்.

வெள்ளைச் சாமந்தி.

அக்டோபர் கடைசி வாரம். கல்லறைத் திருநாளுக்காகச் சதுக்கம் முழுக்க இந்தப் பூதான் குவிந்து கிடக்கும். இத்தாலியில் சாமந்தி செத்தவர்களுக்கு மட்டும். ஓஹையோவிலோ இந்த மாதத்தில் ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் சாமந்தித் தொட்டி இருக்கும். அம்மாவின் கண்ணுக்கு அது அழகான பூ, அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா இந்த வாசலிலேயே திரும்பிவிடுவாள். சொல்லாவிட்டால் இவானா கதவைச் சாத்துவாள். இவானாவின் பார்வை ஏற்கெனவே பூவின் மேல் நின்றுவிட்டது. தாவிதே கண்ணாலேயே 'என்ன இது?' என்று கேட்டான்.

"சேர்ஜோ அப்பாவுக்காக வாங்கினாங்க. அப்போ வர முடியலைன்னு அவங்களுக்கு வருத்தம்" என்று லிண்ட்சியின் வாய் தானாக இத்தாலிய மொழியில் சொன்னது.

இவானா பூவிலிருந்து டார்லீனின் முகத்துக்குப் பார்வையை உயர்த்தினாள். பிறகு உள்ளே போய் மேல்கோட்டோடு வந்தாள்.

"தாவிதே, அடுப்பை அணை. முதல்ல அவரைப் பாத்துட்டு வந்துடலாம்."

கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம்தான். இவானாவும் தாவிதேயும் முன்னால் போனார்கள்.

"எங்கடி போறோம்? அப்பாவுக்குப் பசிக்கும்ல" என்றாள் டார்லீன்.

லிண்ட்சி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். பூவைப் பற்றி, பொய்யைப் பற்றி. டார்லீனின் முகம் சிவந்தது.

"வாசல்லயே உனக்குத் தெரியும்."

"நீதானே திருத்தக் கூடாதுன்னே."

"திருத்தாதேன்னேன். என் பேர்ல பொய் சொல்லுன்னா சொன்னேன்?"

"டார்லீன், மெதுவா" என்றார் டேல்.

"நீங்க வாயைத் திறக்கிறதை விட்டாச்சுன்னீங்க!"

கம்பிக் கதவுக்குள் நுழைந்ததும் டார்லீனின் நடை தளர்ந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கையில் இருந்த அதே பூ. சேர்ஜோவின் கல்லில் அவருடைய சிறிய படம் பதித்திருந்தது. பெரிய காதுகள், குறும்பு முகம். இவானா ஒதுங்கி நின்று, பூவை நீங்களே வையுங்கள் என்று கையைக் காட்டினாள்.

டார்லீன் வைக்கவில்லை. கொத்தை மார்போடு பிடித்துக்கொண்டு இவானாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாதே."

"அம்மா, வேண்டாம்."

"சொல்லு. இதை நான் சாப்பாட்டு மேசைக்குத்தான் வாங்கினேன். எனக்கு விஷயம் தெரியாது. எம்பொண்ணு பயந்துபோய் அப்படிச் சொல்லிட்டா."

லிண்ட்சி தாவிதேயைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் மொழிபெயர்த்தாள், கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது.

இவானாவின் தாடை இறுகியது. "அப்ப கேளு. அவர் செத்தப்போ ஏன் ஒரு போன்கூடப் பண்ணலைன்னு கேளு."

லிண்ட்சி கேட்டாள். டேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டார்லீன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்போ நீங்க எனக்கு யாரோ. பொண்ணு எப்படியும் திரும்பி வந்துடுவா, இது நிலைக்காதுன்னு நினைச்சேன். அதான். வேற சாக்கு இல்லை."

இதை மொழிபெயர்த்தால் கல்யாணம் இங்கேயே முடிந்துவிடலாம். மாற்றிச் சொல்ல இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிண்ட்சி அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

இவானா பூங்கொத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"பூவை யார்கிட்ட வாங்கினாங்க?" என்றாள் இவானா.

"சதுக்கத்துல, மணிக்கூண்டுப் பக்கம்" என்று டார்லீன் சொன்னதை லிண்ட்சி மொழிபெயர்த்தாள்.

"பூக்காரி மரீசா! கல்யாணப் பொண்ணு கேட்டாலும் அவ இதைத்தான் கட்டிக் கொடுப்பா." இவானா சிரிக்கவில்லை. குனிந்து, கல்லோடு இருந்த சாடியிலிருந்து காய்ந்த பூக்களைப் பிடுங்கிப் போட்டாள். வெறும் சாடியை டார்லீனிடம் நீட்டி, மூலையில் இருந்த குழாயைக் காட்டினாள்.

"தண்ணி பிடிச்சிட்டு வரச் சொல்லு."

லிண்ட்சி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதற்குள் டார்லீன் பூவை இவானாவின் கையில் கொடுத்துவிட்டு, சாடியை வாங்கிக்கொண்டு குழாயை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.