பாடத்துக்கு வந்த நெஞ்சு

சட்டையைக் கழற்றிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் கல் தள்ளிய உடம்பு. இப்போது விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டு முதுகில் பட்டதுமே, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்றார்.

"நான் சொல்லச் சொன்னப்புறம் சொன்னா போதும் ஐயா," என்றாள் மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் முன்னால் நோயாளியாக அவர் உட்காரும் ஏழாவது வகுப்பு இது, பாடம் அவருக்கே மனப்பாடமாகிவிட்டது. அவரும் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார்.

என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் அவர் சொல்லக்கூடாது. "பசங்களே கண்டுபிடிக்கட்டும். நீங்க சொல்லிட்டா பாடமே போச்சு," என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒரு காகிதம். கல் தூசியால் வந்த நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கிரஷர்காரர்கள் நஷ்டஈட்டைப் பற்றியே பேசுவார்கள். அடுத்த வகுப்பு முடியட்டும், அடுத்த வகுப்பு முடியட்டும் என்றே ஆறு தடவை இழுத்தடித்தாயிற்று.

மாணவி அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கல்லு வேலைங்களா?"

அவர் டாக்டரைப் பார்த்தார்.

"சபாஷ்!" என்றார் டாக்டர். "கல் தூசிதான். நுரையீரல்ல போய்ப் படிஞ்சு இறுகிடும். எழுதிக்குங்க."

வராந்தாவில் நின்ற மனைவிக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டாருங்க!"

அடுத்த மாணவர் கூட்டம் உள்ளே போவதற்குள் டாக்டர் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாள்பட்ட இருமல். காரணம்: பீடி.

"பீடியா? இவரு வாயில பீடிய நான் பாத்ததே இல்லையே சார்!"

"கல் தூசின்னு எழுதினா நாளைக்குக் கோர்ட்ல நான்ல போய் நிக்கணும்? எனக்கு ஏதும்மா நேரம்? மாத்திர வாங்க இது போதும்."

"அப்ப உள்ள சொன்னது?"

"அது பாடம்."

அவர் பேச வாயெடுத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. மனைவிதான் விடவில்லை. "இவரு நெஞ்ச எடுத்த எக்ஸ்ரே படத்தையாவது குடுங்க சார். வேற டாக்டர்கிட்ட காட்டிக்கிறோம்."

"அது வகுப்புக்கு வேணும்," என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவர் அதன் வழியாகப் பார்த்தார். விளக்குப் பெட்டியில் அவருடைய நெஞ்சு தொங்கியது, மாவு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகளோடு. பெயர் இருந்த மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். டாக்டர் குச்சியால் புள்ளிகளைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.