கடைசிக் கட்டத்தைப் பற்றி சுகுமாறன் சொன்னது

மலேசியாவில் கலும்பாங்குக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் சுகுமாறனுக்கு மாலை போட்டார்கள். சாமிக்குச் செய்ததற்காக இல்லை, கையடக்க கேம் செட்டில் ஆடும் ஒரு துப்பாக்கி ஆட்டத்தைப் பற்றி யூடியூபில் பேசியதற்காக. ரவாங்கில் தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரத்தில் கேம்களின் நிறைகுறைகளைத் தமிழில் அலசுவது அவனுடைய பழக்கம். இருபதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றதும் கோயில் தலைவர் காளியண்ணனுக்கு அவன் பெரிய மனிதனாகிவிட்டான். வீடியோவைப் பார்க்கும் பொறுமைதான் அவருக்கு இல்லை.

பார்த்திருந்தால் பக்கத்து நாற்காலியில் கோகிலனை உட்காரவைத்திருக்க மாட்டார். 'ரிம்பா ஒன்பது' என்ற அந்த ஆட்டத்தைச் செய்த கூட்டத்தில் கோகிலன் ஒருவன். இதே தோட்டத்துப் பிள்ளை, சுகுமாறனோடு தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். "செஞ்சவரும் நம்ம பிள்ள, அத உலகத்துக்குச் சொன்னவரும் நம்ம பிள்ள" என்று காளியண்ணன் மைக்கில் முழங்கி, இரண்டு பேருக்கும் ஒரே அளவு மாலையைப் போட்டார்.

சுகுமாறன் சொன்னது என்ன? முதலில் நிறைகள். துப்பாக்கியின் கனம் கையில் உணரும்படி இருக்கிறது, பேட்டரி நாலு மணி நேரம் தாங்குகிறது, அவ்வளவு சின்னத் திரையிலும் மழை மழையாகவே தெரிகிறது. பிறகு குறைகள். கட்டைவிரல் குச்சி வழுக்குகிறது, குறி தப்புகிறது, எழுத்து எறும்பு மாதிரி. இவ்வளவும் அவன் ஆடிப் பார்த்துச் சொன்ன உண்மை. அதற்கப்புறம் வந்ததுதான் வினை. கடைசிக் கட்டத்தை வெளுத்து வாங்கிவிட்டான். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம், ஒரு மண்ணும் தெரியவில்லை, அவசரத்தில் ஒட்டுப்போட்ட வேலை என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்தக் கட்டத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. மொத்தம் ஒன்பது கட்டம், அவன் மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டான். பாலத்துக்கு மேல் நின்று சுடுகிறவனைத் தாண்ட முடியாமல் இரண்டு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தான். வீடியோ போட வேண்டிய நாள் வந்துவிட்டது. காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போது யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிய கமெண்டைப் படித்தான், அதையே தன் வாயால் சொல்லிவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிச்சல்தான்.

அன்னதானப் பந்தியில் கோகிலனையும் கூட்டிக்கொண்டு அவன் அம்மா புஷ்பா வந்து சுகுமாறன் எதிரில் உட்கார்ந்தாள். தோட்டத்தில் இருபது வருஷம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியவள். அவன் வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தாளாம், மகன் பேர் வருகிற இடத்துக்காக. அவள் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் அவனுடைய வீடியோவைக் கூட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டத்தைத் தூக்கிவிட்டு வேறு வைத்துவிட்டார்களாம். தூக்கிய அந்தக் கட்டத்தைச் செய்தவன் கோகிலன், ஒன்றரை வருஷ உழைப்பு. கொஞ்ச நாளில் அவன் வேலையையும் விட்டுவிட்டான். விட்டு வரும்போது எல்லாவற்றையும் ஆபீஸிலேயே ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

சுகுமாறன் சோற்றை இலையிலேயே ஒதுக்கினான். கழுத்தில் மாலை கனத்தது. கழற்றவும் கூச்சம், போட்டிருக்கவும் கூச்சம்.

"அந்தத் தூக்குன கட்டத்துல என் குரல் இருக்கு தம்பி. போன்ல பேசி அனுப்புனேன், இன்னும் பாக்கல" என்றாள் புஷ்பா. "மாத்துறதுக்கு முன்னாடியே வாங்குன ஒன் செட்டுலதான் பழசு இருக்கும்னு இவன் சொல்றான். ஒரு தடவ காட்டுயா."

செட் பையிலேயே இருந்தது. வீட்டில் இருக்கிறது என்று புளுகக்கூட வழியில்லை, பையின் வாய் திறந்து அது வெளியே தெரிந்துகொண்டிருந்தது. கைகழுவி வந்து எடுத்துக் கொடுத்தான். கோகிலன் அதைத் திறந்தான். திரையில் ஒன்பது கட்டங்கள் வரிசையாக வந்தன. மூன்றுக்கு மேல் எல்லாவற்றுக்கும் பூட்டு, ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்தது திறக்கும்.

கோகிலன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பூட்டு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "முன்ன ஆடுன கணக்கு அழிஞ்சிருச்சு போலமா" என்றான். காட்டிக்கொடுத்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட சுகுமாறன் தாங்கியிருப்பான். இந்தப் பெருந்தன்மையில் கூனிக் குறுகிப்போனான்.

செய்தவனுக்குத் தெரிந்த குறுக்குவழி ஒன்று இருந்தது. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான், பூட்டுகள் திறந்தன. கடைசிக் கட்டம் வந்தது. செம்பனைக் காட்டில் புகைமூட்டம், திரை முழுக்கச் சாம்பல்தான். கோகிலன் ஒயரை மாட்டி இயர்போனை அம்மாவிடம் கொடுத்தான். சின்னத் திரையில் எதைக் காட்டினாலும் கண்ணுக்குப் பத்தாது, அதனால் இந்தக் கட்டத்தைக் காதால் ஆடும்படி செய்தேன் என்று மெதுவாகச் சொன்னான். புஷ்பா கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இடது பக்கத்து இயர்போனைக் கழற்றி சுகுமாறனிடம் நீட்டினாள்.

அவன் காதில் வைத்தான். காய்ந்த மட்டையை யாரோ மிதிக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் லோரி. பிறகு மிகக் கிட்டத்தில் புஷ்பாவின் குரல்: "இந்தப் பக்கம் வாயா, அங்க பள்ளம் இருக்கு." எந்தச் சத்தம் எங்கே வரும் என்பது கோகிலனுக்கு மனப்பாடம்; இயர்போன் இல்லாமலே அம்மாவின் குரல் வரும் பக்கம் திரும்பி, மட்டைக்குப் பின்னால் இருந்தவனைச் சுட்டான். குறி தப்பவில்லை. இவ்வளவு நல்ல கட்டத்தை சுகுமாறன் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

"அப்பவே கேட்டிருப்பியே, எப்படியா இருக்கு என் குரலு?" என்றாள் புஷ்பா.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம், கோகிலனும் விட்டிருப்பான். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"நான் கேட்டதே இல்லம்மா. இப்பதான் மொத தடவ கேக்குறேன். இந்தக் கட்டம் வரைக்கும் நான் ஆடவே இல்ல."

புஷ்பா இயர்போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அப்புறம் எப்படியா, ஒண்ணும் தெரியலன்னு சொன்ன?"

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள், பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.