லித்தாரிக்கு வழி

லித்தாரிக் கடற்கரைக்கு யார் வழி கேட்டாலும் வேறொரு கரையான அமூதிக்குக் கைகாட்டிவிட வேண்டும் என்பது அந்தத் தீவின் எழுதாத சட்டம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெற்குக் கரையில் எவனோ ஒருவன் சுற்றுலாக்காரர்களுக்காக நாலு குடையை நட்டான். இன்று அங்கே உள்ளூர்க்காரன் உட்காரக்கூட இடமில்லை. லித்தாரிக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று ஊரே கூடி வழிப்பலகையைப் பிடுங்கி எறிந்தது. அதன் பிறகு யார் அழகாகப் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு போட்டியே நடந்தது. முதலிடம் தேனீ வளர்க்கும் சிடெரிஸுக்கு. அறுபது வயது மனிதருக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அந்த வியாழக்கிழமை காலைக் கப்பலில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் தனாயி, ஊர் தெஸ்ஸலோனிகி. நாலு மணிக் கப்பலில் திரும்ப வேண்டுமாம். நேரே மருசோவின் காப்பிக்கடைக்கு வந்தாள்.

"லித்தாரிக்கு எப்படிப் போகணுங்க?"

சிடெரிஸ் கண்கூடச் சிமிட்டவில்லை. "அந்த வெள்ளைக் கோயில் தெரியுதா தங்கச்சி? அதுக்குக் கீழ எறங்கினா லித்தாரிதான். வழுக்கும், பாத்துப் போ."

அவள் நன்றி சொல்லிப் படியிறங்கினாள். கோயிலுக்குக் கீழே இருப்பது அமூதி, வெறும் மணல். மீன்காரன் யகூமிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"அண்ணே, வாயில இவ்வளவு தேன் ஊறுதே, கொடுக்கை எங்க வச்சிருக்கீங்க?"

கடைக்கார மருசோவும் சிரித்தாள். சிடெரிஸ் மீசையை நீவிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தாள். கால் முழுக்க மணல், முகத்தில் அப்படியொரு நிறைவு. காப்பி கேட்டுவிட்டு, யாரும் கேட்காமலே பேசினாள்.

"எங்கம்மாவுக்காக வந்தேங்க. பட்டாள ஆட்சியில அவங்கள தண்டனையா இந்தத் தீவுல கொண்டாந்து விட்டுட்டாங்க. ஒரு வருஷம். யாரும் அவங்ககூடப் பேசக் கூடாதுன்னு போலீஸ் உத்தரவு. ஆனா தெனம் லித்தாரிக்குப் போனா, துணியில சுத்தின ரொட்டி இருக்குமாம். சில நாள் முட்டை. யார் வச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப அவங்களுக்குக் கண்ணு தெரியல, படுக்கையில இருக்காங்க. அந்தக் கடல் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்னாங்க. பதிவு பண்ணிட்டேன்." கைபேசியை எடுத்துக் காட்டினாள். "கல்லு நெறைய இருக்கும்னாங்க, மணல்தான் இருந்துச்சு. அம்பது வருஷத்துல மாறியிருக்கும், இல்லீங்களா?"

யகூமிஸ் மேசையைப் பார்த்தபடி, "கடல்னா மாறத்தானே செய்யும்" என்று முணுமுணுத்தான்.

சிடெரிஸின் வண்டி வாசலில் நின்றது. அதில் ஏற்றினால் இருபது நிமிஷத்தில் லித்தாரி. போய்வர நேரம் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எல்லார் முன்னாலும் பொய்யனாக நிற்க வேண்டுமே என்று விழுங்கிவிட்டார். காப்பியைக் குடித்தார்.

அவள் பதிவை அம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மூன்றரைக்கு அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"இது லித்தாரி இல்லடி." கிழக் குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "இது மணல்ல வர்ற அலை. லித்தாரில அலை திரும்புறப்ப அக்ரோட்டு மூட்டையை அவுத்துக் கொட்டின மாதிரி கல்லு உருளும். நீ வேற எங்கயோ போயிட்ட."

"இல்லம்மா, லித்தாரிதான். ஊர்க்காரங்களே வழி சொன்னாங்க."

"இல்லடி, இது இல்ல."

தனாயி ஒலிபெருக்கியை அணைக்காமலே கைபேசியைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "டாக்டர் சொன்னாரு, ஞாபகம் தப்ப ஆரம்பிக்கும்னு. நான்தான் நம்பல. இந்த ஒரு எடத்தையாவது மறக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அந்தம்மாவின் புத்தி அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதைக் கெட்டுப்போனதாக ஆக்கியது சிடெரிஸின் வாய். இதற்குத்தானா மீசையை நீவினோம் என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. எழுந்து நின்றார்.

"தங்கச்சி, உங்கம்மா சொல்றதுதான் சரி. நீ போனது அமூதி. நான்தான் வேணும்னே மாத்திச் சொன்னேன். கேக்குற எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம்."

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. இனி எங்கேயும் போய்வர முடியாது. அவள் திட்டியிருந்தால் தேவலை. கைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"அம்மா, உனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எனக்குத்தான் தப்பா வழி சொல்லிட்டாங்க. வேணும்னே."

"யாரு, அந்த ஊர்க்காரங்களா?" கிழவி சிரித்தாள். "போடி. அவங்க அப்படிப்பட்டவங்களே இல்ல. நீதான் கவனிக்காம திரும்பியிருப்ப. அவங்க மேல பழி போடாத. பக்கத்துல யாராவது இருக்காங்களா? குடு. அந்த ரொட்டிக்கு நான் இன்னும் நன்றி சொல்லல."

தனாயி கைபேசியை அவரிடம் நீட்டினாள். சிடெரிஸ் வாங்கிக் காதில் வைத்தார்.

"யாருங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டது குரல்.

"இருக்கேம்மா" என்றார் சிடெரிஸ், தன் பெயரை மட்டும் சொல்லாமல்.