பச்சை நிற வினையடை

நாரின் ஊர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று கேட்டால் முப்பது பிள்ளைகளும் கூரையைப் பார்ப்பார்கள். பொறுத்துப் பார்த்த ஆசிரியை சல்தனாத், ஒருநாள் சிர்தாக் என்னும் கம்பளித் தரைவிரிப்பு தைத்ததில் மிஞ்சிய கம்பளித் துண்டுகளை ஒரு மூட்டை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். சிவப்பு பெயர்ச்சொல், நீலம் வினைச்சொல், மஞ்சள் பெயரடை. ஆளுக்கு இரண்டு சொல். வெட்டி, மேலே வெள்ளை நூலால் எழுத்துத் தைத்து, சுவரில் ஊசி குத்தி வாக்கியமாக்க வேண்டும்.

வகுப்புத் தலைவன் உலான், நல்ல பெயர் வாங்கும் ஆசையில், சிவப்பில் 'தலைமையாசிரியர்' என்று தைத்தான். பெகிமாய் மஞ்சளில் 'நல்ல' என்றும் நீலத்தில் 'குறட்டை விடுகிறார்' என்றும் தைத்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் சல்தனாத்.

"எங்க தாத்தாவுக்கு, எஜேக்கே. ஊரே முழிச்சுக்கும்." ஆசிரியையை 'எஜேக்கே', ஆசிரியரை 'அகாய்' என்றுதான் அங்கே பிள்ளைகள் கூப்பிடுவார்கள்.

இடைவேளை முடிந்து தலைமையாசிரியர் தொக்தொசுன் எட்டிப் பார்த்தபோது, சுவரில் மூன்று துண்டுகளையும் பெகிமாய் ஒட்டி ஒட்டிக் குத்தி வைத்திருந்தாள்: நல்ல தலைமையாசிரியர் குறட்டை விடுகிறார்.

உலானுக்கு அழுகை வந்துவிட்டது. தொக்தொசுன் நிதானமாகப் படித்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"இதுல வினைச்சொல் எது?"

"குறட்டை விடுகிறார்!" முப்பது வாய்களும் ஒரே நேரத்தில் கத்தின. கத்திய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டன.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். "வாக்கியம் சரி. விஷயம்தான் தப்பு. 'எப்போதாவது'ன்னு ஒண்ணு சேக்கணும். எந்த நிறத் துணி?"

வகுப்பு குழம்பியது. மஞ்சளா? அது பெயரோடுதான் ஒட்டும். நீலமா? அது வேலையைச் சொல்லும். சல்தனாத் இன்னும் வினையடைக்கு வரவே இல்லை.

பெகிமாய் கையைத் தூக்கினாள். "மஞ்சள் மாதிரி வர்ணிக்குது, நீலத்தோட ஒட்டுது. ரெண்டையும் கலந்தா பச்சை, அகாய்!"

"பச்சை எங்க இருக்கு?"

"உங்க மேசை விரிப்பு."

பெரியவர் தம் அறைக்குப் போய், விரிப்பின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு அமர்ந்து தாமே தைத்து மாட்டினார்.

மறுநாள் காலை பெகிமாய் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். சுவரைப் பார்த்ததும் கிட்டே ஓடினாள். 'எப்போதாவது' இல்லை. அங்கே வேறொரு பச்சைத் துண்டு: 'எப்போதும்'. யாரோ அவள் குறும்பை அவளைவிட அழகாகச் செய்திருந்தார்கள். தையல் கடுகுபோல் பொடிப்பொடியாக, வரிசை பிசகாமல் ஓடியது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். தினமும் கரும்பலகையில் அதே ஒழுங்குதான்.

தொக்தொசுன் வந்தார், பின்னாலேயே சல்தனாத்தும். அவருடைய மேசை விரிப்பில் இன்னொரு ஓரமும் போயிருந்தது.

"நீயா?"

பெகிமாய் ஓரக்கண்ணால் ஆசிரியையைப் பார்த்தாள். சல்தனாத் வாயைத் திறக்கப் போனாள்.

"நான்தான் அகாய்," என்றாள் பெகிமாய், முந்திக்கொண்டு.

"இவ்வளவு நேரா தைக்க எப்பக் கத்துக்கிட்ட?"

"நேத்து சாயங்காலம்."

"அப்படியா! அதே கையால என் விரிப்புக்குப் புது ஓரம் தைச்சுக் குடு. பள்ளி விட்டதும் வா."

மாலையில் தலைமையாசிரியர் அறையில் பெகிமாய் விரிப்பை மடியில் போட்டு விரலைக் குத்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. சல்தனாத் உள்ளே வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"நகரு. அந்தப் பக்கம் எனக்கு."

"எஜேக்கே, ஒரு பெயரடை சொல்லட்டா? 'திருட்டு'."

"வாயை மூடிட்டுத் தை."

ஆனால் சல்தனாத்தின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. இருவரும் இருட்டும்வரை தைத்தார்கள். ஓரம் பாதி கோணல், பாதி நேர். எந்தப் பாதி யாருடையது என்று தொக்தொசுன் கேட்கவே இல்லை.