நெலிதா ஊற்றிய மாத்தே

மொந்தேவிதேயோ நகரக் கடற்கரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களிடையே, மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர் ஒரே குடுவையில் சுற்றி வந்தது. ஐந்து பேர் ஓய்வூதியக்காரர்கள். வேலைக்குப் போகிறவள், அந்த ஐவரில் ஒருவரான வாஷிங்டனின் தங்கை மகள் நெலிதா மட்டும்தான். ஊற்றுவதும் அவளே.

"இனிமே எல்லாரும் அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் உழைக்கணும்னு கவர்மெண்ட் சொல்லுது, இல்லேன்னா பென்ஷன் கட்டுப்படியாகாதாம்! திருட்டுப் பசங்க!" என்று வெடித்தார் வாஷிங்டன்.

தான் வேலை பார்த்த தோல் ஆலையின் வாசலில் மாத்தே குடித்த நாட்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் வட்டத்தில் ஓய்வு பெற்றவர் எவுசேபியோ ஒருவர்தான். அவருக்கு ஊற்ற இளவட்டங்கள் அடித்துக்கொள்வார்கள்.

"ஃபிளாஸ்க் காலியாகப் போவுது மாமா. ஊத்துறவ குடிக்கணும்னு முதல் கசப்பைக் குடிச்சதோட சரி, எனக்கு இன்னும் முறை வரல," என்று நெலிதா குடுவையை நீட்டினாள்.

"நன்றி," என்றார் வாஷிங்டன். மாத்தே வட்டத்தில் அப்படிச் சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று பொருள். அவர் வாயில் ஒருநாளும் வராத சொல் அது.

மற்ற நால்வரின் கைகளோ குடுவைக்காக நீண்டபடியே இருந்தன.